டயர் தடமும் உப்புக்கொத்திக் குஞ்சும்

அலை நனைத்த மணலில் கால் அதிகம் புதைவதில்லை. பரல்களுக்கு நடுவே நிற்கும் நீர் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கிறது. நாலு அடி மேலேறி உலர்மணலில் கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். இரண்டு டன் வண்டியை அந்த உலர்மணலைக் கடந்து நீரோரம் கொண்டுபோவது எப்படி?

அமெரிக்காவின் வட கரோலினாவில், கேப் ஹாட்டெரஸ் தேசியக் கடற்கரைக்குத் தூண்டிலோடு வருபவர்கள் இதை நாள்தோறும் செய்கிறார்கள். மணலில் இறங்குமுன் டயர்க் காற்றை 35 பவுண்டிலிருந்து 20க்குக் குறைக்கிறார்கள். காற்று குறைந்த டயர் தட்டையாகி, மணலைத் தொடும் பகுதி நீள்கிறது. எடை அதேதான், பரந்த இடத்தில் விழுவதால் சக்கரம் மணலை வெட்டாமல் மேலாக ஏறிப் போகிறது. சிக்கிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்கவே கூடாது. வெறுமனே சுழலும் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டும். மண்வெட்டி, ஜாக்கி, அதற்கு அடியில் வைக்க ஒரு பலகை, காற்றழுத்தமானி ஆகியவை வண்டியில் இருந்தாக வேண்டும். பலகை இல்லாவிட்டால் ஜாக்கியும் மணலுக்குள் போய்விடும்.

இவ்வளவு பாடும் ரெட் டிரம் மீனுக்காக. நம் கத்தாழையின் குடும்பம்தான். அளவில்தான் மலைக்க வைக்கும். 1984இல் இந்தக் கரையின் ஏவன் ஊரில் பிடிபட்டது 42 கிலோவுக்கும் மேல், உலகச் சாதனை. வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டமும் வடக்கின் குளிர்நீரும் இங்கே சந்திப்பதால் இரைமீனுக்குக் குறைவில்லை. தீவாக இருக்கும் இந்தக் கரைக்கு 1963இல் பாலம் வருமுன்பே இங்குள்ளவர்கள் மணலில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள். அதனால் வண்டிக்குத் தடை என்றதும் அவர்களுக்கு வலிக்கிறது.

ஆனால் அதே மணலில் பைப்பிங் பிளவர் என்ற சிறு உப்புக்கொத்தி முட்டையிடுகிறது. கூடு என்று ஒன்றுமில்லை, ஆழமற்ற ஒரு பள்ளம்தான். பொரித்த சில மணி நேரத்திலேயே குஞ்சு இரை தேடி நீரோரம் நடக்கத் தொடங்கும். ஆபத்து வந்தால் ஓடாது, அசையாமல் பதுங்கிவிடும். மணல் நிறக் குஞ்சு டயர் தடத்துக்குள் பதுங்கினால் ஓட்டுநர் கண்ணில் படாது. அடுத்த வண்டியோ பெரும்பாலும் அதே தடத்தில்தான் வரும். கடலுக்குப் புறப்பட்ட ஆமைக் குஞ்சுக்கும் அந்தத் தடம் ஏற முடியாத அகழி.

2012 முதல் இங்கே வண்டிக்கு அனுமதிச்சீட்டு வேண்டும். பறவை முட்டையிடும் பகுதிகளை அந்தப் பருவத்தில் மூடிவிடுகிறார்கள். ஆமைகள் கரையேறும் கோடை இரவுகளில் வண்டி ஓட்டவும் தடை. இது சரியென்றே நான் நினைக்கிறேன். தூண்டில்காரர் நடந்துபோய் வேறு இடத்தில் நிற்கலாம். பறக்கக் கற்காத குஞ்சுக்கு அந்த நீரோரம் மட்டும்தான் இருக்கிறது.