உஷார்! ஏற்காட்டுச் சரிவு சும்மா இருக்காது

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு பக்கத்துத் தெரு மாதிரி. 30 கிலோமீட்டர் சொச்சம், 20 கொண்டை ஊசி வளைவுகள். சாயங்காலம் கிளம்பி, லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று ஊர் விளக்குகளைப் பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். இந்தச் சாவகாசத்தைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் பூங்கா மாதிரி இருக்கும். அந்தப் பக்கம் பாறை, பாதாளம், காப்புக்காடு. செல்ஃபிக்காக வேலி தாண்டும் தம்பிகளே, பனி இறங்கிய பாறை எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். அதற்கு மேல் என்ன சொல்ல?

மாசி பிறந்தால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் கீழ்ச்சரிவுகள் காயத் தொடங்கும். மூங்கில் உலரும், சருகு மூடும், புல் வெளுக்கும். பங்குனி, சித்திரையில் தீப்பிடிக்க ஒரு பீடித்துண்டு போதும். சமதரையில் எரியும் தீயை நம்பிச் சரிவுத் தீயைக் கணக்குப் போடாதீர்கள். அனல் மேல்நோக்கிப் போவதால், மேலே நிற்கும் புல் தீ தொடும் முன்பே சூடேறி எரியத் தயாராகிவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயை எதிர்கொள்பவர்களின் கைக்கணக்கு. மூச்சிரைக்க மலையேறும் மனிதனால் அதை முந்தவே முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றத்துக்குப் போனவர்களைத் தீ வளைத்தது. 23 உயிர்கள் போயின. அங்கேயும் காய்ந்த புல், சரிவு, காற்று. இங்கேயும் அதே மூன்றும் இருக்கின்றன.

புகை தெரிந்தால் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், மேலேயும் ஏறாதீர்கள். காற்று எங்கே அடிக்கிறது என்று பார்த்துப் பக்கவாட்டில் விலகுங்கள். தார்ச்சாலை, புல் முளைக்காத பாறை, ஏற்கெனவே எரிந்து கருகிய நிலம், இவைதான் ஓரளவு பாதுகாப்பு. பாலியஸ்டர் சட்டை சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பருத்தி தேவலாம். காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். கோடையில் காட்டோரம் 'கேம்ப் ஃபயர் உண்டு' என்று ஆசைகாட்டி ஆள் பிடிக்கும் தங்குமிடங்களை எந்தத் தைரியத்தில் நடத்துகிறார்களோ!

அடுத்தது இறக்கம். ஏறும்போது வண்டி திணறும், நாம் கவனமாக இருப்போம். இறங்கும்போது பாட்டுப் போட்டுவிட்டு பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வருகிறோம். கீழே வர வர பிரேக் சூடேறி, அதன் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் கட்டும். அப்புறம் பெடல் பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருபவர்கள் இன்னும் மோசம். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு மிகக் குறைவு. முழுப் பாரமும் பிரேக்கின் தலையில். அதில் மூன்று பேர் ஏறி வருவதையும் இந்த மலை பார்க்கிறது! கருகல் வாசனை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். அவசரத்தில் தண்ணீர் ஊற்றினால், கொதிக்கும் டிஸ்க் வளைந்துபோகலாம். எதிரே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. வளைவில் ஹாரன் அடியுங்கள், ஓவர்டேக் செய்யாதீர்கள்.

இருட்டினால் காட்டெருமை சாலைக்கு வரலாம். ஒளியைப் பாய்ச்சாமல், ஹாரன் அடிக்காமல், தள்ளியே நிறுத்திக் காத்திருங்கள். அது பசுமாடு இல்லை. மழைக்காலத்தில் இதே சரிவு மண்ணையும் பாறையையும் சாலையில் தள்ளும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்தது. கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் அடிவாரச் சோதனைச்சாவடியில் கேட்காமல் ஏறாதீர்கள்.

மே மாதக் கோடை விழாவுக்கு மலை நெரியும். புது ஓட்டுநர்கள், தேய்ந்த டயர்கள், தூக்கம் கெட்ட கண்கள் எல்லாம் ஒரே பாதையில் வரும். மலைப்பாதையில் ஓட்டிப் பழக்கமில்லை என்றால் சொந்த வண்டியை வீட்டில் நிறுத்துங்கள். சேலத்திலிருந்து அரசுப் பேருந்து இருக்கிறது. திரும்பிவரக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுவையுங்கள்.