குரூஸோவுக்கு முன் ஒருவன்

ராபின்ஸன் குரூஸோவின் கதையைக் கேளாதார் அரியர். டேனியல் டீபோ என்னும் ஆங்கில ஆசிரியர் அதனை 1719-ஆம் ஆண்டில் வெளியிட்டார். முழு நூலையும் விலை கொடுத்து வாங்க இயலாத ஏழை ஜனங்களுக்காக, அதை 24 பக்க அளவில் சுருக்கி அச்சிட்டனர். ஊர் ஊராய்த் திரியும் சில்லறை வியாபாரிகள் அச்சிறு புஸ்தகங்களைத் தம் மூட்டையில் சுமந்து விற்றனர். சட்டைப்பையில் அடங்கும் அந்த நூல்கள் குரூஸோவைக் குடிசைகளுக்குள்ளும் கொண்டு சேர்த்தன. அவை சுமந்து சென்றது கதையை மட்டுந்தானா?

குரூஸோவுக்கு மூலபுருஷன் யாவன் என்றால், அலெக்ஸாண்டர் ஸெல்கர்க் என்ற ஸ்காத்லாந்து மாலுமியைச் சுட்டுவது வழக்கம். கப்பல் தலைவனோடு பிணங்கிய அவன், 1704-ல் தென் பசிபிக் சமுத்திரத்திலுள்ள ஜுவான் பெர்னாண்டஸ் தீவில் விடப்பட்டு, நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனித்து வாழ்ந்து, 1709-ல் மீட்கப்பட்டான்.

ஆனால் அதே தீவில் அவனுக்கு முன்னரே ஒருவன் தனித்து வாழ்ந்தான். அவன் வெள்ளையன் அல்லன். மத்திய அமெரிக்காவின் மிஸ்கிட்டோ குலத்தவன். ஆங்கிலேயர் அவனை ‘வில்’ என்று அழைத்தனர். 1681-ல் ஸ்பானியக் கப்பல்களைக் கண்டு அஞ்சி ஓடிய கொள்ளைக் கப்பலார், காட்டில் வேட்டையாடிக்கொண்டிருந்த அவனை விட்டுச் சென்றனர். அவனிடம் இருந்தவை ஒரு துப்பாக்கி, ஒரு கத்தி, சிறிது மருந்து, சில குண்டுகள் மட்டுமே. மருந்து தீர்ந்ததும், கத்தியின் வாயைப் பல்லாக வெட்டி, துப்பாக்கிக் குழாயையே துண்டு துண்டாக அறுத்து, தீயில் காய்ச்சி, ஈட்டியும் தூண்டிலும் செய்து மூன்றாண்டு பிழைத்தான்.

1684-ல் ஆங்கிலக் கப்பல்கள் வந்தபோது, ராபின் என்னும் அவன் குலத்தவன் முதலில் கரையில் குதித்து, ஓடிவந்து அவன் காலில் விழுந்தான். வில் அவனைத் தூக்கித் தழுவி, தானும் அவன் காலில் விழுந்தான். அவனும் இவனைத் தூக்கினான். நேரில் கண்ட டாம்பியர் இதனைத் தம் 1697-ஆம் ஆண்டு நூலில் எழுதி வைத்தார்.

கதையில் நிகழ்வது யாது? குரூஸோ கப்பலுடைந்து கரை சேர்வது அடிமைகளைக் கொண்டுவரப் புறப்பட்ட பிரயாணத்தில். அவன் காப்பாற்றிய சுதேசி, குரூஸோவின் காலை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்கிறான். குரூஸோ அவனுக்கு ‘வெள்ளிக்கிழமை’ எனப் பெயரிட்டு, தன்னை ‘எஜமான்’ என்று அழைக்கக் கற்பிக்கிறான். வரலாற்றில் இருவரும் ஒருவர் காலில் ஒருவர் விழுந்து, ஒருவரையொருவர் தூக்கி நிறுத்தினர். கதையிலோ விழுபவன் ஒருவனே. வரலாற்றில் தன் கைத்திறத்தால் தனியே வாழ்ந்தவனும் சுதேசியே. கதையில் அப்பெருமை வெள்ளையனுக்கு உரியதாயிற்று.

1966-ல் சிலி தேசத்தார் அத்தீவுக்கு ராபின்ஸன் குரூஸோவின் பெயரையும், அத்தொகுதியின் மற்றொரு தீவுக்கு ஸெல்கர்க்கின் பெயரையும் சூட்டினர். வில்லின் பெயர் இரண்டிலும் இல்லை.

சிறு புஸ்தகத்தின் பலம் பெரிது. அது எளிதில் பரவும். இளமையில் கைக்கு வரும். ஆகவே நெஞ்சில் ஆழப் பதியும். ஆதலின், இத்தகைய நூலைப் பையில் இட்டுச் செல்வோர் கதாநாயகனின் பெயரோடு நின்றுவிடலாகாது. அவன் பின்னே பெயரிழந்து நிற்பவன் யாவன் என்றும் கேட்டல் வேண்டும்.