தைக்குள் பல்வரிசை நேராகுமா?

தை முகூர்த்தங்களுக்கு நாள் குறிக்கப்படும் பருவத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்திலிருந்து வரும் வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: முப்பதை நெருங்கும் வயதில் பல்லுக்கு கிளிப் போட்டால் கல்யாணத்துக்குள் கழற்றிவிட முடியுமா? விளம்பரங்கள் ‘ஆறே மாதம்’ என்று அடித்துச் சொல்ல, மருத்துவர்கள் ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என்று இழுக்க, யாரை நம்புவது என்ற குழப்பம் இயல்பானதே. ஈறும் எலும்பும் நலமாக இருக்கும்வரை வயது இச்சிகிச்சைக்குத் தடையில்லை என்பதில் சர்ச்சை ஏதுமில்லையாதலால், அதைவிட்டு, இதை ஏன் அவசரப்படுத்த முடியாது என்பதைப் பார்ப்பதே பயனுள்ளது.

பல்லின் வேர் தாடையெலும்போடு ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் அகலமே உள்ள நார்ப்படலம் ஒன்று, இணைநார் எனப்படுவது, பல்லைத் தாங்கி நிற்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கமாகத் தள்ளும்போது அப்பக்கத்து நார் நசுங்குவதால், எலும்பைக் கரைக்கும் செல்களான ஆஸ்டியோகிளாஸ்ட்கள் அங்கே கூடி வழியமைக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் நார் இழுபடுவதால், எலும்பைக் கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட்கள் வந்து பல் விட்டுச்சென்ற இடத்தை நிரப்புகின்றன. இதற்குத் தேவையான விசை வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது: ஒரு பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம், வேரோடு சேர்த்து நகர்த்த 70 முதல் 120 கிராம் என்பதே பாடநூல் கணக்கு.

விசையைக் கூட்டினால் வேகமும் கூடும் என்று தோன்றுமாயினும் நடப்பது நேர்மாறானது. அழுத்தம் மிகும்போது நாரிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்டு அப்பகுதிச் செல்கள் மடிந்துவிடுவதால், கரைக்கும் செல்கள் நேர்வழியில் வர இயலாமல், எலும்பின் உட்புறத்திலிருந்து பின்பக்கமாகக் குடைந்துகொண்டு வர வேண்டியிருக்கிறது. அதுவரை பல் வாரக்கணக்கில் அசையாமல் நிற்பதுடன், வேரின் நுனி கரைந்து குட்டையாகும் அபாயமும் கூடுகிறது. இறுக்கமாக முறுக்கினால் சீக்கிரம் முடியும் என்று மருத்துவரிடம் வற்புறுத்துவோர் உண்மையில் தாமதத்தையே கேட்டு வாங்குகிறார்கள். பல் நகரும் வேகம் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். தெத்துப்பல்லைச் சீராக்கவோ முன்தள்ளிய பற்களை உள்ளே கொண்டுவரவோ முன்கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் உண்டாகும் இடைவெளி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். அதை மூடுவதற்கே ஆறு மாதம் போதாது என்பது சாதாரணக் கூட்டல் கணக்கு.

இணைநார் இல்லாத இடத்தில் எதுவும் நகராது என்பதால், எலும்போடு நேரடியாக ஒன்றிவிட்ட இம்பிளான்ட் பல்லை எந்தக் கம்பியாலும் அசைக்க முடியாது. இணைநார் அப்படியே இருப்பதால், ரூட் கெனால் செய்த பல் பெரும்பாலும் மற்றப் பற்களைப் போலவே நகரும். எலும்பு அடர்த்திக் குறைவுக்குத் தரப்படும் பிஸ்பாஸ்போனேட் மாத்திரைகள் கரைக்கும் செல்களையே முடக்குபவை என்பதால், அவற்றை உட்கொள்வோர் அதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

‘விரைவுச் சிகிச்சை’ என்ற பெயரில் விற்கப்படும் அதிர்வுக் கருவிகள் இந்த உயிரியலைத் துரிதப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டாலும், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட மதிப்பீடு அதற்குப் போதிய சான்றைக் காணவில்லை. அலைனர் என்பது, விளம்பரங்கள் ‘கண்ணுக்குத் தெரியாதது’ என்று வருணித்தாலும், பெரும்பாலும் பல்லின் முகப்பில் சிறு பொட்டுகளை ஒட்டியே பொருத்தப்படும், நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டிய பிளாஸ்டிக் உறை; அதுவும் இதே செல்களை நம்பியே வேலை செய்கிறது. மருத்துவரை நேரில் பார்க்காமலே அலைனரைத் தபாலில் அனுப்பி வந்த அமெரிக்க நிறுவனமான ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் திடீரென மூடப்பட்டபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

ஆறு மாதக் கணக்கில் அறவே விடுபடுவது கிளிப் கழற்றிய பிறகான காலம். எலும்பு சில மாதங்களில் இறுகினாலும், ஈற்றில் பல்லைச் சுற்றியுள்ள மீள்தன்மை நார்கள் புதிய இடத்துக்குப் பழக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதால், அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் லிட்டில் குழுவினர், பல் பிடுங்கிச் சீர் செய்யப்பட்டவர்களை, பல்லை நின்ற இடத்தில் நிறுத்தும் தகடு அல்லது உட்புறம் ஒட்டப்படும் கம்பியான ரீட்டெய்னரை நிறுத்திப் பத்தாண்டு கழித்துப் பரிசோதித்தபோது, கீழ் முன்வரிசை ஒழுங்காக நின்றவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவு. ரீட்டெய்னர் சிகிச்சையின் இலவச இணைப்பாகவே பேசப்படுவது வசதியான மறதி.

செலவைக் குறைக்க எண்ணுவோருக்கு இவ்வட்டாரம் வாய்ப்பானது: வேலப்பன்சாவடியில் சவீதா, மதுரவாயலில் மீனாட்சி அம்மாள், முகப்பேரில் தாய் மூகாம்பிகை எனப் பல் மருத்துவக் கல்லூரிகள் அருகருகே உள்ளன, அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்கு, சென்ட்ரல் வரை மின்சார ரயிலில் வந்து, பார்க் நிலையத்தில் மாறி, கோட்டை நிலையத்தில் இறங்க வேண்டும். கல்லூரிகளில் சிகிச்சை செய்பவர் பெரும்பாலும் மூன்றாண்டு எம்.டி.எஸ். மாணவர் என்பதால், அவர் இறுதியாண்டில் இருந்தால் நோயாளி பாதியில் அடுத்த மாணவர் கைக்கு மாறக்கூடும். எந்த ஆண்டு மாணவர் என்று கேட்பதில் தவறில்லை.

எஞ்சிய கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள் போதும். வலிக்கு எந்த மாத்திரை? பாராசிட்டமால்; இபுபுரூபன் வகை மாத்திரைகள் பல் நகர்வைத் தூண்டும் வேதிப்பொருளையே தடுக்கக்கூடியவை. சர்க்கரை நோயாளிகள்? சர்க்கரை கட்டுக்குள் வந்து, ஈறு நோய் குணமான பிறகு. மருத்துவக் காப்பீடு? வழக்கமான பாலிசிகள் இதற்குப் பணம் தருவதில்லை. வருமான வரிக் கழிவு? பழைய வரிமுறையில் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு உண்டு, இளவயதினரின் கிளிப் செலவுக்கு இல்லை. கல்யாணம்? புகைப்படத்துக்காகக் கம்பியைச் சில நாள் கழற்றி மீண்டும் மாட்டித்தர மருத்துவர் இசையலாம். ஆனால் இடைப்பட்ட நாட்களுக்குத் தற்காலிக ரீட்டெய்னரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.