கடல் கடந்த குடும்பமும் வரிக்கணக்கும்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒருவர், தாயகத்திலுள்ள தம் மனைவியையோ பெற்றோரையோ அந்நாட்டிற்கு அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்குங்கால், அவருடைய வருமான வரிக்கணக்கு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதே இப்பேச்சின் பொருள். வரி என்ற சொல்லைக் கேட்டதும் இது வணிகருக்கும் வழக்கறிஞருக்கும் உரிய செய்தி என எண்ணிவிட வேண்டா. குடும்பம் ஒன்று சேர்வதும் பிரிந்து நிற்பதும் சில சமயங்களில் இக்கணக்கைப் பொறுத்தே அமைகின்றன.

ஓசூரை அடுத்த எங்கள் மூக்கண்டப்பள்ளிக்கும் இச்செய்தி அயலானதன்று. எழுபதுகளில் இப்பகுதியில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. பல ஊர்களிலிருந்தும் தொழிலாளர் வந்து குடியேறினர். அவர்தம் பிள்ளைகளுட் பலர் எல்லை தாண்டிப் பெங்களூர் சென்று கணினித் துறையில் அமர்ந்தனர். சிலர் அங்கிருந்து அமெரிக்கா சென்றனர். மகன் அனுப்பிய ஆங்கிலத் தாள்களை எடுத்துக்கொண்டு பெரியவர்கள் என் போன்ற பழைய ஆசிரியர்களிடம் பொருள் கேட்க வருவதுண்டு. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடையாகவே இதனைக் கூறுகின்றேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். நம் நாட்டில் கணவன் வேறு, மனைவி வேறு. இருவரும் தனித்தனியே வருமான வரிக்கணக்குத் தாக்கல் செய்கின்றனர். அமெரிக்காவிலோ 1948 முதல், கணவனும் மனைவியும் கூட்டாக ஒரே கணக்கை அளித்து, அதற்குரிய சலுகை விகிதத்தில் வரி செலுத்தலாம். ஆகவே கணக்கை அளிப்பவர் தாம் மணமாகாதவரா, மணமாகிக் கூட்டாக அளிப்பவரா, மணமாகித் தனியாக அளிப்பவரா, குடும்பத் தலைவரா என்று படிவத்தின் தலைப்பிலேயே குறித்தல் வேண்டும். துணையை இழந்தோர்க்குத் தனி வகையும் உண்டு. இதனைத் தாக்கல் நிலை என்று கூறலாம்.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். ஓர் இளைஞர் செப்டம்பரில் ஓசூருக்கு வந்து மணம் புரிந்துகொண்டு, மனைவியை இங்கே விட்டுத் திரும்புகின்றார் எனக் கொள்வோம். விசா வருவதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். மனைவி இன்னும் வரவில்லையே, தனியாகத்தானே வாழ்கிறோம் என்று அவர் தம்மை மணமாகாதவர் எனக் குறித்துவிடுகின்றார். இது தவறு. டிசம்பர் 31ஆம் நாளன்று ஒருவர் மணமானவரா இல்லையா என்பதையே அந்நாட்டுச் சட்டம் நோக்குகின்றது; மனைவி எந்த நாட்டில் இருக்கின்றார் என்பதை அன்று. ஒரே மனிதர் விசா விண்ணப்பத்தில் மணமானவர் என்றும், வரிக்கணக்கில் மணமாகாதவர் என்றும் எழுதினால், இரண்டு தாள்களும் ஒரே அதிகாரியின் மேசையில் ஒன்றையொன்று மறுத்துப் பேசும். ஏனெனில், குடும்பத்தாரை அழைக்கும் விண்ணப்பத்தோடு அண்மை ஆண்டின் வரிக்கணக்கும் இணைக்கப்படல் வேண்டும்.

அப்படியாயின் அவர்முன் உள்ள வழிகள் எவை? ஒன்று, மணமானவராகத் தனியே கணக்களித்தல். மற்றொன்று, வெளிநாட்டில் வாழும் மனைவியையும் வரியின்பொருட்டு அமெரிக்கவாசியாகக் கருதும்படி இருவரும் கையொப்பமிட்ட அறிவிப்பை இணைத்துக் கூட்டாகக் கணக்களித்தல். அந்நாட்டின் சமூகப் பாதுகாப்பு எண் மனைவிக்கு இல்லையேல், வரித்துறையினிடமிருந்து தனி அடையாள எண் பெறல் வேண்டும்.

கூட்டுக் கணக்கின் பயனையும் சுமையையும் ஓர் எளிய கணக்கால் விளக்குவேன். 2025ஆம் ஆண்டு வருமானத்திற்குத் தனியே அளிப்பவர்க்கு உரிய அடிப்படைக் கழிவு 15,750 டாலர். கூட்டாக அளிப்போர்க்கு 31,500 டாலர். கணவர் 90,000 டாலர் ஈட்டுகின்றார் என்க. தனியே அளித்தால் 74,250 டாலருக்கு வரி. மனைவி ஓசூரில் 10,000 டாலருக்குச் சமமான ஊதியம் பெறுகின்றார் என்க. கூட்டாக அளித்தால் மொத்தம் ஒரு லட்சம். கழிவு போக 68,500 டாலருக்கே வரி. மேலும், கூட்டுக் கணக்கிற்கு வரி விகிதப் படிகளும் அகலமானவை. ஆயின் மனைவியின் இந்திய வருமானம் முழுவதும் அங்கே காட்டப்படல் வேண்டும். அவ்வருமானம் பெரிதாயின் பயன் குறையும். இந்தியாவில் செலுத்திய வரிக்கு அங்கே கழிவு கேட்கலாம். வரி பாக்கி நின்றால் இருவருமே பொறுப்பாவர். இத்தெரிவை ஒருமுறை முடித்துக்கொண்டால், அத்தம்பதியர் மீண்டும் அதனைக் கைக்கொள்ள இயலாது.

தவறாகக் குறித்துவிட்டவர்கள் கலங்க வேண்டா. திருத்தக் கணக்கு அளிக்க வழியுண்டு. தனிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக மூன்றாண்டுகளுக்குள் பொதுவாக மாற்றலாம். கூட்டுக் கணக்கைத் தனிக் கணக்காக மாற்றுவதோ, தாக்கலுக்குரிய கெடு நாள் கடந்தபின் இயலாது.

இனிப் பெற்றோரைப் பற்றிக் கூறுவேன். மாதந்தோறும் தாய் தந்தையர்க்குப் பணம் அனுப்பும் மகன், அவர்களைத் தம்மைச் சார்ந்தோராகக் காட்டி வரிக்கழிவு பெறலாமா? பெற்றோர் இந்தியாவில் இந்தியக் குடிமக்களாக வாழும்வரை இயலாது. மகன் அனுப்பும் அன்பளிப்புக்கு இங்கே பெற்றோர் வரி செலுத்த வேண்டுவதும் இல்லை. பெற்றோரை அழைத்துக்கொள்ளும் உரிமையும் 21 வயது நிறைந்த குடிமகனுக்கே உண்டு. கிரீன் கார்டு மட்டும் உடையவருக்கு இல்லை.

அழைப்பவர் ஆதரவு உறுதிப்பத்திரம் ஒன்றில் கையொப்பமிடல் வேண்டும். அவருடைய வருமானம் வறுமைக்கோட்டு அளவில் நூற்றுக்கு 125 பங்காவது இருத்தல் வேண்டும்; 2025ஆம் ஆண்டின் அளவுப்படி நால்வர் கொண்ட குடும்பத்திற்கு இது ஏறத்தாழ 40,187 டாலர். 1996ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப்பின் இப்பத்திரம் நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தமாகும். வந்தவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்புக் கணக்கு நிறையும்வரை அது நீடிக்கும். மனைவிக்காக ஒப்பமிட்டவர் மணவிலக்குப் பெற்றாலும் அக்கடமை நீங்குவதில்லை.

பெற்றோரும் ஒன்றை உணர்தல் வேண்டும். கிரீன் கார்டு பெற்ற நாள் முதல் அவர்கள் அமெரிக்க வரிச் சட்டத்திற்கு உட்பட்டோர். உலகில் எங்கு ஈட்டிய வருமானத்தையும் அங்கே காட்டல் வேண்டும். நம் நாட்டில் வேளாண்மை வருமானத்திற்கு மைய அரசின் வருமான வரி இல்லை. ஆகவே ஓசூர்ப் பக்கத்தில் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர், அதன் வருவாயை எங்கும் காட்ட வேண்டியதில்லை என எண்ணக்கூடும். அமெரிக்கக் கணக்கிலோ அது வருமானமே. பூர்வீக நிலத்தை விற்றால் வரும் ஆதாயமும் அவ்வாறே. வங்கிகளில் உள்ள தொகைகள் அனைத்தும் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளேனும் 10,000 டாலரைக் கடந்தால், அதனையும் தனியே அறிவித்தல் வேண்டும். ஊர் திரும்பி வந்துவிட்டேன் என்பதால் மட்டும் இக்கடமை தீர்ந்துவிடாது; கிரீன் கார்டை முறைப்படி ஒப்படைக்கும்வரை பொதுவாக அது தொடரும். ஒரே வருமானத்திற்கு இரு நாடுகளிலும் வரி விழாதிருக்க 1989இல் செய்துகொண்ட ஒப்பந்தம் துணை செய்யும். ஆனால் கணக்குக் காட்டும் கடமையை அது நீக்காது.

ஆதலின், மகனோ மகளோ விண்ணப்பம் அனுப்புமுன், இரு நாட்டுக் கணக்கையும் அறிந்த தணிக்கையாளரைக் கலந்துகொள்ளல் நன்று. நிலம் விற்கும் எண்ணமிருப்பின், கிரீன் கார்டு பெறுவதற்கு முன்பா பின்பா என்பதையும் அவரிடம் கேட்டுத் தெளிக. திருமணப் பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், வரி செலுத்திய சான்று ஆகியவற்றின் படிகளை ஆண்டுவாரியாகக் கட்டி வைத்துக்கொள்க. விசாத் தாளிலும் வரித்தாளிலும் ஒரே செய்தி இருத்தல் வேண்டும். கையொப்பமிடுமுன் தாளை முழுதும் படித்துப் பொருள் தெரிந்துகொள்க. தெரியாதவற்றைத் தெரிந்தவரிடம் கேட்பதில் இழுக்கொன்றும் இல்லை.