ஆன்லைனில் கம்ப்யூட்டர் முதல் பாடம்: இரண்டு தடவை படித்தவன் சொல்வது



ஆண்டு மலருக்குக் கவிதைகள் ஏராளமாக வந்துவிட்டன, உருப்படியாக ஒரு கட்டுரை எழுதித் தா என்று நம் சங்கச் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரே ஒரு சங்கதி. ஆன்லைனில் கம்ப்யூட்டர் அடிப்படைப் பாடம் ஒன்றை நான் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோட்டை விட்டேன். எப்படிக் கோட்டை விட்டேன் என்று எழுதினால் முதலாமாண்டுத் தம்பி, தங்கைகளுக்கு ஆயிரம் ரூபாயாவது மிச்சமாகுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். அப்பா அவிநாசியில் ஒரு பவர் டேபிளில் ஓவர்லாக் தைக்கிறார். அம்மா செக்கிங். "ஐ.ஐ.டி. வாத்தியாருங்க செல்போன்லயே பாடம் நடத்தறாங்கம்மா, காசே கிடையாது" என்று சொன்னபோது அம்மா நம்பவில்லை. "காசு வாங்காம எவன் கண்ணு பாடம் சொல்லித் தருவான்? எதையாச்சும் அமுக்கிப் பேங்குல இருக்கறதையும் விட்டுப்போடாத" என்றார்கள். இந்தக் காலத்தில் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆகவே காசு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டில் இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. 1984 ஆகஸ்ட் 15 அன்றே பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷன் வழியாக கல்லூரிப் பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. டி.வி.யில் பாடம் ஓடும், நாம் பார்க்கலாம், அவ்வளவுதான். சந்தேகம் கேட்க முடியாது, நிறுத்தி மறுபடி பார்க்க முடியாது. பிறகு 2003-ல் மத்திய அரசின் பணத்தில் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து பொறியியல் பாடங்களைப் படம் பிடித்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தன. அதுதான் என்.பி.டி.இ.எல். அதன் ஒருங்கிணைப்பு வேலை நம் சென்னை ஐ.ஐ.டி.யில்தான் நடக்கிறது. 2014-ல் வாரா வாரம் கேள்வித்தாள், கடைசியில் தேர்வு, சான்றிதழ் என்று அது முழுப் பாடமாகவே மாறியது. 2017 ஜூலை 9 அன்று ஸ்வயம் என்ற பெயரில் மத்திய அரசு ஒரே வாசலைத் திறந்து, இது போன்ற பாடங்களை எல்லாம் அதற்குள் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சி.எஸ்.50 என்ற தன் கம்ப்யூட்டர் முதல் பாடத்தை 2012 முதல் உலகத்துக்கே இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. அதுவும் நன்றாக இருக்கும் என்கிறார்கள். ஆனால் அந்த ஆங்கில வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்கியது. நான் முழுதாகப் பார்க்கவில்லை.

ஆகப் பாடம் இலவசம். பெயர் பதிவது இலவசம். சான்றிதழ் வேண்டும் என்றால்தான் தேர்வுக் கட்டணம் ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரம் அப்பாவின் வாரச் சம்பளத்திலிருந்து வந்தது.

நான் எடுத்தது பைத்தான் மொழியில் 12 வாரப் பாடம். ரோப்பர் ஐ.ஐ.டி. பேராசிரியர் சுதர்சன் ஐயங்கார் நடத்துவது. கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவனுக்கும் புரிய வேண்டும் என்று பாம்பும் ஏணியும் ஆட்டம், லாட்டரி என்று கதை மாதிரிக் கொண்டுபோவார். அதிலேதான் நான் ஏமாந்தேன். கேட்கக் கேட்க எல்லாம் புரிகிற மாதிரியே இருந்தது. பஸ்ஸில் பார்த்தேன், படுத்துக்கொண்டு பார்த்தேன், நேரம் போதாதபோது இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு வரி புரோகிராம்கூட என் கையால் அடிக்கவில்லை. செல்போனில் அடிக்கவும் முடியாதுங்க. பைத்தானில் ஒவ்வொரு வரியும் எத்தனை இடம் தள்ளி ஆரம்பிக்கிறது என்பதற்கே அர்த்தம் உண்டு. அந்தச் சின்னத் திரையில் அது எங்கே தெரியப்போகிறது? வாரக் கேள்விகளுக்கு விடை நண்பர்கள் குழுவில் சுற்றும். நானும் பார்த்துப் போட்டேன்.

மார்க் கணக்கை இங்கே சொல்லிவிட வேண்டும். இது தெரியாமல் பலர் ஏமாறுகிறார்கள். 12 வாரப் பாடத்தில் 12 கேள்வித்தாளில் நன்றாகச் செய்த எட்டை எடுத்து, சராசரி பார்த்து, 25-க்கு மாற்றுவார்கள். தேர்வு மார்க்கை 75-க்கு மாற்றுவார்கள். கேள்வித்தாளில் 25-க்கு 10-ம், தேர்வில் 75-க்கு 30-ம் தனித்தனியாக வாங்கினால்தான் சான்றிதழ். எனக்குக் கேள்வித்தாளில் 24. பார்த்து எழுதியதாச்சே, வராமல் என்ன செய்யும்! தேர்வுக்கு அவிநாசியிலிருந்து பஸ் ஏறிக் கோவை போனேன். மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். ஆறு வரி புரோகிராம் ஒன்றைக் கொடுத்து, இதை ஓட்டினால் என்ன விடை வரும் என்று கேட்டிருந்தார்கள். வீடியோவில் சார் பேசுகிற குரல் காதில் கேட்கிறது, விடை மட்டும் வரவில்லை. நூற்றுக்கு 38. அதை 75-க்கு மாற்றினால் 28.5. மொத்தம் 52.5 வாங்கியும் சான்றிதழ் கிடையாது. ஒன்றரை மார்க்கில் போயிற்று.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "மறுக்கா எழுதலாமா?" என்று மட்டும் கேட்டார். எழுதலாம், மறுபடி ஆயிரம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த விடுமுறையில்தான் சேவூர் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன், சாயங்காலம் வந்து டைப்பிங் வேலை செய்து கொடுத்தால் மற்ற நேரம் பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொள் என்றார். அங்கே மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் கிடைத்தது. இது ஒவ்வொன்றும் சுமார் பத்தே நிமிடம். குரல் தமிழில் இருக்கிறது! லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்ற இலவச மென்பொருள்களைப் படிப்படியாகச் சொல்லித் தருகிறார்கள். இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் சொல்லும் முறை. திரையில் ஒரு பக்கம் பாடம், மறு பக்கம் மென்பொருள். அவர் ஒன்று செய்வார், நாம் நிறுத்திவிட்டு அதையே செய்ய வேண்டும். பிறகுதான் அடுத்தது. பத்து நிமிடப் பாடம் எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. கண்ணால் பார்த்துக்கொண்டே போனவனுக்குக் கை என்று ஒன்று இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அதில் கால்க் என்ற கணக்குத் தாள் பாடம் முடித்ததும் என்னிடம் ஒரு மிடுக்கு வந்துவிட்டது. அப்பா தினமும் தைத்த பீஸ் கணக்கை ஒரு சின்ன நோட்டில் குறித்து வைப்பார். சனிக்கிழமை சம்பளம். அந்த வாரக் கணக்கை எடுத்துப்போய் ஏற்றினேன். திங்கள் 410, செவ்வாய் 395, புதன் 430, வியாழன் 388, வெள்ளி 420, சனி 405. அதன் கீழே நோட்டில் 36 என்று இன்னொரு எண் இருந்தது. அதையும் ஏற்றி, பி2 முதல் பி8 வரை கூட்டு என்று சூத்திரம் போட்டு, பீஸுக்கு 2.25 என்று பெருக்கினேன். 5,589 ரூபாய் வந்தது. அப்பா கைக்கு வந்ததோ 5,508.

81 ரூபாய் குறைகிறது! வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். வருஷக் கணக்கில் இப்படிப் பிடித்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று வேறு பெருக்கிச் சொன்னேன். அப்பாவுக்குச் சந்தேகம்தான். ஆனாலும் "கம்ப்யூட்டரே சொல்லுதாமா" என்று அம்மா சொன்னதும், திங்கட்கிழமை காலையில் காண்ட்ராக்டரிடம் போய்க் கேட்டேவிட்டார். நாலு பேருக்கு முன்னால் கேட்டிருக்கிறார். அவர் நோட்டை வாங்கிப் பார்த்து, அந்த 36-க்குப் பக்கத்தில் அப்பாவே பென்சிலில் போட்டிருந்த 'ஆ' என்ற எழுத்தைக் காட்டியிருக்கிறார்.

ஆல்டர் பீஸ். தையல் பிசகித் திரும்பி வந்து, பிரித்துத் தைத்தவை. அதற்கு ஏது கூலி?

சாயங்காலம் வந்த அப்பா கை கால் கழுவிக்கொண்டே கேட்டார்: "ஆல்டர்னா என்னன்னு அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்தியா கண்ணு?"

நண்பர்களே, எந்தப் பாடத்தைத் திறந்தாலும் முதல் வாரம் ஒரு கேள்வி வரும்: டேட்டா என்றால் என்ன, இன்பர்மேஷன் என்றால் என்ன? தரவு, தகவல் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவோம். 36 என்பது தரவு. அது ஆல்டர், கூலி கிடையாது என்று தெரிந்தால்தான் தகவல். மெஷினுக்கு 36-ம் 410-ம் ஒன்றுதான். கூட்டச் சொன்னால் கூட்டும். எதைக் கூட்டக்கூடாது என்பது நம் தலையில் இருக்க வேண்டும். எங்கள் அப்பா நாலு பேர் முன்னால் நின்றதில் எனக்கு இது புரிந்தது.

அதன் பிறகு சூத்திரத்தை மாற்றினேன். பக்கத்தில் ஒரு கட்டத்தில் 'நல்லது', 'ஆல்டர்' என்று எழுதி, 'நல்லது' என்று இருந்தால் மட்டும் கூட்டு என்றேன். 2,448 பீஸ், 5,508 ரூபாய். சரியாக வந்தது. இந்த 'இருந்தால் மட்டும்' என்பதுதான் புரோகிராமில் நிபந்தனை. அம்மா செக்கிங் டேபிளில் நாள் முழுக்கச் செய்வதும் அதுதானே? ஓட்டை இருந்தால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம். லூப் என்கிறார்களே, அது அப்பா வேலை. பண்டிலில் பீஸ் இருக்கிற வரைக்கும் எடு, தை, போடு. பண்டில் தீர்ந்ததா என்று பார்க்கச் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வெறும் பெஞ்சைத் தைத்துக்கொண்டே இருக்கும். முதலாமாண்டில் லூப் நிற்காமல் ஓடி நம் லேப் மெஷின்கள் உறைந்துபோவதற்கு இதுதான் காரணம், சார் திட்டுவதுபோல் வைரஸ் இல்லை.

நெட்வொர்க், கடவுச்சொல், பாதுகாப்பு என்று மிச்சப் பகுதிகளும் அடிப்படைப் பாடத்தில் வரும். அவை நம் பாடப்புத்தகத்திலேயே ஓரளவு இருப்பதால் இங்கே விடுகிறேன். எங்கள் அம்மா சொன்னது மாதிரி கண்டதை அமுக்காமல் இருந்தாலே பாதிப் பாதுகாப்பு!

இன்னொரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் ஒரு முழுப் பட்டப்படிப்பையே ஆன்லைனில் ஆரம்பித்தது. ஜே.இ.இ. தேர்வு இல்லாமல், நாலு வாரம் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம். கட்டணம் உண்டு, சலுகைகளும் உண்டு. அதில் பேராசிரியர்கள் மாதவன் முகுந்தும் ஜி. வெங்கடேசும் நடத்தும் ஒரு முதல் பாடத்தின் வீடியோக்கள் வெளியிலேயே பார்க்கக் கிடைக்கின்றன. இரண்டு பேரும் மேஜையில் காகிதச் சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சீட்டில் மாணவன் மார்க், இன்னொன்றில் கடை பில். ஒவ்வொன்றாக எடுத்துப் பார், எண்ணிக்கையைக் குறி, சீட்டை அந்தப் பக்கம் வை என்று போகும். கம்ப்யூட்டரே கிடையாது! பண்டில் சீட்டு எண்ணுகிற பழக்கம் உள்ள நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது சுலபமாகப் பிடிபடும் என்பது என் அபிப்பிராயம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

ஜூலையில் அதே 12 வாரப் பாடத்துக்கு மறுபடி பெயர் பதிந்தேன். இந்த முறை ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு புரோகிராமையும் அடித்து, வேண்டுமென்றே ஒரு எண்ணை மாற்றி, இப்போது என்ன வரும் என்று நோட்டில் எழுதிவிட்டு ஓட்டிப் பார்ப்பேன். முதலில் பத்துக்கு ஏழு தப்பாகத்தான் வந்தது. இரண்டு வாரக் கேள்வித்தாள் கெடு தப்பிப்போனது, பண்டிகை சீசனில் கடையில் வேலை அதிகம். நல்ல எட்டைத்தான் எடுக்கிறார்கள் என்பதால் தப்பித்தேன். ஆங்கிலம் புரியாத இடங்களில் முதலில் தமிழில் அதே விஷயத்தைக் கேட்டுவிட்டு வருவேன். என்.பி.டி.இ.எல். பாடங்கள் சிலவற்றுக்குத் தமிழ் எழுத்தாக்கமும் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

கேள்வித்தாளில் 18 தான். போன தடவையைவிடக் குறைவு. தேர்வில் நூற்றுக்கு 62, அதாவது 46.5. மொத்தம் 64.5. அறுபதுக்கு மேல் என்றால் சான்றிதழில் 'எலைட்' என்று போடுகிறார்கள். அம்மா அதை லேமினேஷன் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள்.

அப்பா இப்போது நோட்டில் ஆல்டர் கணக்கைத் தனிப் பக்கத்தில் எழுதுகிறார். கூடத் தைக்கிற இரண்டு அண்ணன்களும் சனிக்கிழமை ராத்திரி தங்கள் நோட்டைக் கொடுத்தனுப்புகிறார்கள். ரேட் ஒவ்வொருவருக்கும் வேறு, ஸ்டைல் மாறினால் அதுவும் மாறும். அதற்கு ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்பணம் கழிக்கிற இடத்தில் இன்னும் தகராறு செய்கிறது.

ஜனவரி, ஜூலை என்று வருஷத்தில் இரண்டு தடவை பாடம் ஆரம்பிக்கும். சேர நினைப்பவர்கள் பெயர் மட்டும் பதிந்துவிட்டு வாருங்கள். முதல் சில வாரக் கேள்வித்தாளைச் சொந்தமாகச் செய்து பார்த்த பிறகு, தேர்வுக் கட்டணம் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். கெடு தேதியை மட்டும் கவனியுங்கள். செவ்வாய், வியாழன் நாலரை மணிக்கு மேல் நம் லேபில் நாங்கள் மூன்று பேர் இருப்போம். ஜன்னலோர மெஷினில் மட்டும் உட்கார வேண்டாம், அதில் ஸ்பேஸ் பார் வேலை செய்யாது.