கல்லமேட்டின் பேருடல் விலங்கு

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த அரியலூர் வட்டாரத்தை 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த நிலவியலாளர் பிளான்ஃபோர்டு, அங்குள்ள கிரெட்டேசியக் காலப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். இன்று சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல், அக்காலக் கடலில் வாழ்ந்த சிப்பியினங்களின் ஓடுகள் படிந்து உருவானது. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அக்கடல் பின்வாங்கியபோது ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலும் களிமண்ணுமே கல்லமேடு படிவு எனப்படுகிறது.

இப்படிவில் கிடைத்த இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, வால் முள்ளெலும்பு முதலியவற்றைக் கொண்டு, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் புருகத்காயோசாரஸ் மாட்லியி என்னும் புதிய இனத்தை அறிவித்தனர். திருச்சிப் பகுதி டைனோசர்களை 1929இல் விவரித்த மாட்லியின் நினைவாக அதன் இரண்டாம் பெயர் அமைந்தது. முதலில் ஊனுண்ணியாகக் கருதப்பட்ட இவ்விலங்கு, நீண்ட கழுத்தும் தூண் போன்ற கால்களும் உடைய தாவர உண்ணிகளான டைட்டனோசார் வகையைச் சேர்ந்தது என்பதே பின்னர் ஏற்கப்பட்ட முடிவு. முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்கால் எலும்பு மட்டுமே ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் இருந்தது என்பதால், அதன் எடை 110 முதல் 130 டன் வரை இருந்திருக்கக்கூடும் என 2023இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அது சரியெனில், நிலத்தில் நடந்த விலங்குகளில் இது மிகப் பெரியவற்றுள் ஒன்று.

ஆயினும் இம்மதிப்பீட்டைச் சரிபார்க்க எலும்புகள் இன்று இல்லை என்பது பெருந்துயரம். எளிதில் உதிரும் தன்மை கொண்ட அவை சிதைந்து அழிந்தன. எஞ்சியவை அளவுகளும் வரைபடங்களும், 2022இல் பால் என்பவரும் அய்யாசாமியும் வெளியிட்ட களப் புகைப்படங்களுமே. கண்டெடுக்கப்பட்டவை எலும்புகளே அல்ல, கல்லான மரத்துண்டுகள் என்ற ஐயத்தை அப்படங்கள் பெரிதும் போக்கின.

இவ்விலங்கு வாழ்ந்த காலத்தில் இந்தியா, மடகாஸ்கரிலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த தீவாக இருந்தது. அதே கல்லமேடு படிவில் குர்மாடெமிஸ் என்னும் ஆமையின் புதைபடிவமும், ட்ரூடான்டிட் எனப்படும் சிறு டைனோசர் வகையைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பல்லும் கிடைத்திருப்பதால், அந்த ஆற்றங்கரைகள் பல்வகை உயிர்களுக்கு இடமளித்தன என்பது தெளிவு.

அப்படிவுகளில் எலும்பு போன்ற எதையேனும் காண்போர், அதைப் பெயர்த்தெடுக்காமல் இருந்த இடத்திலேயே விட்டு, நிலவியல் துறைக்குத் தகவல் தர வேண்டும்.