பண்ணை வீடியோவுக்கு விளக்கக் குறிப்பு எழுதும் முறை

விவசாயிகள் தங்கள் வயலில் செய்வதைச் செல்போனில் படம் பிடித்து யூடியூபில் போடுவது இன்று ஊருக்கு ஊர் நடந்து வருகிறது. நாற்று விடுவது முதல் கதிர் அடிப்பது வரை எல்லாவற்றையும் படமாகப் பார்க்க முடிகிறது. வரவேற்க வேண்டிய செயல் இது. ஆனால் படம் எடுப்பதில் காட்டும் அக்கறையைப் பலரும் அதன் கீழே எழுதும் விளக்கக் குறிப்பில் காட்டுவதில்லை. அண்மைக் காலமாக அந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் ஒப்படைக்கும் வழக்கமும் வந்துவிட்டது. ஒப்படைப்பதில் தவறில்லை. எப்படி ஒப்படைப்பது, திரும்பி வந்ததை எப்படிச் சரிபார்ப்பது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கத்தரித் தோட்டத்தில் நடந்தது

ஒட்டன்சத்திரம் பக்கம் கத்தரி பயிரிடும் விவசாயி ஒருவர் 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தயாரிக்கும் முறையை ஆறு நிமிட வீடியோவாக எடுத்தார். பருப்பை எடை போட்டு, இடித்து, ஊற வைத்து, வடிகட்டிக் காட்டினார். படத்தில் ஒரு குறையும் இல்லை. விளக்கக் குறிப்பை மட்டும் ஒரு செயலியிடம் கேட்டார். ‘வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம் பற்றி நல்ல விளக்கம் எழுது’ என்று ஒரே வரிதான் சொன்னார். உடனே முப்பது வரி வந்தது. தமிழ் நன்றாக இருந்ததால் முழுவதும் படித்துப் பார்க்காமல் ஏற்றிவிட்டார். அதன் நடுவில் ‘ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம்’ என்று இருந்தது.

5 சதம் என்றால் 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. அதாவது லிட்டருக்கு 50 கிராம். குறிப்பில் இருந்தது பத்தில் ஒரு பங்குதான்.

சில வாரங்கள் கழித்து வேறு மாவட்டத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். “மூணு தடவை அடிச்சேன் அண்ணே, புழு அப்படியே இருக்கு” என்றார். அவர் ஊரில் சிக்னல் சரியாகக் கிடைக்காததால் படத்தை முழுதாகப் பார்க்கவில்லை. கீழே எழுதியிருந்த அளவை மட்டும் தாளில் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். இரண்டு பறிப்புக் காய் சொத்தையாகிவிட்டது. அதற்கு மேல், ‘வேப்பங்கொட்டை எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்’ என்று தம் ஊரில் நாலு பேரிடம் சொல்லியும்விட்டார்.

ஒட்டன்சத்திரத்து விவசாயி இதை என்னிடம் சொன்னபோது செயலியைத்தான் குறை கூறினார். எனக்கோ எங்கள் மீதே குறை தோன்றியது. வீடியோ எடுக்கப் பயிற்சி கொடுத்த நாங்கள் குறிப்பு எழுதச் சொல்லித் தரவில்லை. இக்கட்டுரை அந்தக் குறையைத் தீர்க்கவே எழுதப்படுகிறது.

விளக்கக் குறிப்பு எதற்கு?

யூடியூபில் தலைப்புக்கு 100 எழுத்துக்குறிகளும், விளக்கக் குறிப்புக்கு 5,000 எழுத்துக்குறிகளும் வரை இடம் உண்டு. புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியே கணக்கில் சேருவதால் தமிழில் இடம் சற்று விரைவாகத் தீரும். இருந்தாலும் அவ்வளவும் எழுத வேண்டிய தேவையில்லை. செல்போனில் முதல் சில சொற்களே கண்ணில் படும். மீதியைப் பார்க்கத் தொட்டுத் திறக்க வேண்டும். ஆகவே என்ன பயிர், என்ன பிரச்சினை, என்ன தீர்வு என்பது முதல் இரண்டு வரிகளிலேயே வந்துவிட வேண்டும்.

குறிப்பினால் இரண்டு பயன்கள் உண்டு. தேடுபவருக்கு எந்த வீடியோவைக் காட்டுவது என்று யூடியூப் முடிவு செய்யும்போது தலைப்பு, குறிப்பு, படத்தில் உள்ள செய்தி ஆகியவை தேடிய சொல்லோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்க்கிறது. இது முதல் பயன். வயலில் நிற்பவர் அளவை மறந்துவிட்டால் முழுப் படத்தையும் மறுபடி ஓட்டாமல் குறிப்பைப் பார்த்துக்கொள்ளலாம். இது இரண்டாவது பயன். விவசாயிக்கு இரண்டாவதே முக்கியம். பிறர் அதை நம்பித்தான் டேங்கில் மருந்து கலக்கிறார்கள்.

செயலி எப்படி எழுதுகிறது?

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்தது. அதன் பிறகு ஜெமினி, கோபைலட் போன்றவையும் வந்துள்ளன. இவற்றில் தமிழில் எழுதியும் கேட்கலாம், மைக் பொத்தானைத் தொட்டுப் பேசியும் கேட்கலாம். ஏராளமான எழுத்துகளைப் படிக்க வைத்துப் பழக்கப்பட்டவை இவை. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து வாக்கியத்தை அமைக்கின்றன. எனவே நடை சரளமாக இருக்கும். ஆனால் சரளமாக இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு. நாம் அளவைச் சொல்லாவிட்டால், இடத்தைக் காலியாக விடாமல் ஏதாவது ஒரு எண்ணை நிரப்பிவிடும் பழக்கம் இவற்றுக்கு உண்டு. வீடியோவையே பார்த்துச் சுருக்கம் தரும் செயலிகளும் இருக்கின்றன. அவையும் நம் பேச்சுத் தமிழைத் தவறாகப் புரிந்துகொள்ள இடமுண்டு.

பத்திரம் எழுதுபவரை நினைத்துப் பாருங்கள். கிரயப் பத்திரத்தின் வாசகம் அவருக்கு மனப்பாடம். ஆனால் சர்வே எண்ணையும், விஸ்தீரணத்தையும், நான்கெல்லையையும் நாம்தான் சொல்ல வேண்டும். எழுதி முடித்ததும் அந்த மூன்றையும் படித்துப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. செயலியிடமும் அப்படியே நடந்துகொள்ள வேண்டும்.

முதலில் நாம் குறித்துக்கொள்ள வேண்டியவை

செயலியைத் திறக்கும் முன் ஒரு தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதிக்கொள்ளவும்.

1. பயிர், ரகம், பயிரின் வயது.
2. மாவட்டம், மண், பாசன வசதி.
3. எந்தப் பட்டம், எந்த ஆண்டு.
4. என்ன பிரச்சினைக்காகச் செய்தது.
5. பயன்படுத்திய பொருள்கள், அளவு, கலந்த தண்ணீர், தெளித்த நேரம்.
6. எத்தனை சென்ட் அல்லது ஏக்கரில் செய்தது.
7. கண்ட பலன், ஆன செலவு, பலிக்காமல் போனது.

ஏழாவதில் உள்ள ‘பலிக்காமல் போனது’ என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் பிறருக்கு அதிகம் உதவும். எந்தச் செயலிக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

செயலியிடம் கேட்கும் முறை

தாளில் உள்ளதைத் தட்டச்சு செய்தோ, வாய்விட்டுப் படித்தோ கொடுத்துவிட்டுக் கீழ்க்கண்டவாறு சொல்லலாம்:

‘மேலே உள்ள செய்திகளை மட்டும் வைத்து யூடியூப் விளக்கக் குறிப்பு எழுது. நான் சொல்லாத அளவு, மருந்து, மகசூல் எதையும் சேர்க்காதே. ஏதாவது விட்டுப்போயிருந்தால் நீயாக நிரப்பாமல் என்னைக் கேள். முதல் இரண்டு வரிகளில் பயிர், பிரச்சினை, தீர்வு வர வேண்டும். எளிய தமிழில், சிறு வாக்கியங்களாக, 150 சொற்களுக்குள் எழுது. புகழ்ச்சி வேண்டாம்.’

‘மட்டும்’, ‘சேர்க்காதே’, ‘என்னைக் கேள்’ ஆகிய மூன்றும் அவசியம். இப்படிச் சொன்னால் தவறு வெகுவாகக் குறையும். ஆனால் முற்றிலும் நின்றுவிடும் என்று எண்ணக் கூடாது.

மாதிரிக் குறிப்பு

ஒட்டன்சத்திரத்து விவசாயியும் நானும் உட்கார்ந்து இம்முறையில் பெற்றுத் திருத்திய குறிப்பு இது:

‘கத்தரியில் காய்த்துளைப்பான் புழுவுக்கு 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தயாரிக்கும் முறை. அளவு: 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு (லிட்டருக்கு 50 கிராம்).

எங்கள் 50 சென்ட் கத்தரியில் செய்தது. திண்டுக்கல் மாவட்டம், செம்மண், கிணற்றுப் பாசனம்.

நிழலில் உலர்த்திய, எட்டு மாதத்துக்கு மேற்படாத கொட்டையின் பருப்பு 5 கிலோவை இடித்துத் தூளாக்கி, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வைக்கவும். காலையில் பால் போல வரும்வரை குச்சியால் கலக்கவும். இரண்டு மடிப்பு மெல்லிய துணியில் வடிகட்டி, தண்ணீர் சேர்த்து 100 லிட்டராக்கவும். சோப்புக் கரைசல் சேர்த்து அன்றே மாலை 3.30 மணிக்கு மேல் தெளிக்கவும்.

புழு தென்படத் தொடங்கும்போதே தெளிக்க வேண்டும். காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை இது கட்டுப்படுத்தவில்லை. தாக்கிய குருத்தையும் காயையும் கிள்ளி அழித்தோம்.

0:00 தேவையான பொருள்கள்
0:50 பருப்பை இடித்தல்
2:10 ஊற வைத்தல்
3:20 வடிகட்டுதல்
4:40 தெளித்தல்’

கடைசியில் உள்ள நேரக் குறிப்பைத் தொட்டால் படம் அந்த இடத்துக்கே போய்விடும். முதல் நேரம் 0:00 என்று தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று நேரங்கள் வரிசையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது.

ஏற்றும் முன் சரிபார்க்க வேண்டியவை

ஏக்கரும் ஹெக்டேரும்: ஆராய்ச்சிப் பரிந்துரைகள் பெரும்பாலும் ஹெக்டேர் கணக்கில் இருக்கும். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். நெல்லுக்குத் துத்தநாக சல்பேட் ஹெக்டேருக்கு 25 கிலோ, அதாவது ஏக்கருக்கு 10 கிலோ. குறிப்பில் ‘ஏக்கருக்கு 25 கிலோ’ என்று மாறிவிட்டால் படிப்பவருக்கு 15 கிலோவின் விலை நஷ்டம்.

புள்ளி: மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு இமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. லிட்டருக்கு 0.4 கிராம். புள்ளி விட்டுப்போனால் 4 கிராம் ஆகிவிடும். பத்து மடங்கு விஷம். எண்ணை ‘0.4’ என்று எழுதிப் பக்கத்தில் ‘பூஜ்யம் புள்ளி நான்கு’ என்று எழுத்திலும் எழுதுவது நல்லது.

டேங்கின் கொள்ளளவு: ‘டேங்குக்கு இவ்வளவு’ என்று மட்டும் எழுதக் கூடாது. 10 லிட்டர் டேங்கும் உண்டு, 16 லிட்டர் டேங்கும் உண்டு. 5 சத வேப்பங்கொட்டைச் சாற்றுக்கு முதலாவதில் 500 கிராம் பருப்பும், இரண்டாவதில் 800 கிராம் பருப்பும் வேண்டும்.

தடை செய்த மருந்துகள்: செயலி படித்திருப்பவற்றில் பழைய எழுத்துகளும் கலந்திருக்கும். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-ல் தடை செய்தது. அதற்கு முந்தைய கட்டுரைகளில் அம்மருந்து தாராளமாக இடம்பெற்றிருக்கும். எனவே நாம் சொல்லாத மருந்தின் பெயர் குறிப்பில் இருந்தால் முதலில் அதை நீக்கிவிட வேண்டும்.

புகழ்ச்சி: ‘100 சதம் ஒழியும்’, ‘மகசூல் இரட்டிப்பாகும்’ என்பன போன்ற வரிகளை அடித்துவிட வேண்டும். நாம் அளந்து பார்க்காத எதையும் நம் பெயரில் போடக் கூடாது.

சந்தேகம் இருந்தால் வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலரையோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேட்கலாம். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தமிழில் கேட்கலாம். மருந்தானால் டப்பாவில் ஒட்டியுள்ள சீட்டில் இருப்பதே முடிவு. ஒரு செயலி தந்த அளவை இன்னொரு செயலியிடம் கேட்டுத் திருப்தி அடைவது சரிபார்ப்பு ஆகாது.

நம் ஊர்ச் சொற்களைச் சேர்க்கவும்

செயலி பெரும்பாலும் புத்தகத் தமிழில் எழுதும். ‘நிலக்கடலை’ என்று அது எழுதினால் விழுப்புரத்துக்காரர் ‘மல்லாட்டை’ என்றும், மற்றொருவர் ‘மணிலா’ என்றும், வேறொருவர் ‘வேர்க்கடலை’ என்றும் தேடுவார். சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக்குக் ‘குச்சிக்கிழங்கு’ என்று பெயர். இப்பெயர்களை ஓரிரு வாக்கியங்களில் இயல்பாகச் சேர்த்தால் தேடுபவர் கண்ணில் வீடியோ படும். அதற்காக நாற்பது ஐம்பது சொற்களை வரிசையாகக் கொட்டுவது கூடாது. அது யூடியூபின் விதிக்கும் மாறானது.

குறிப்பு எழுதச் செயலியைப் பயன்படுத்தியதை யூடியூபுக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் நடக்காத காட்சியை நடந்தது போலச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிப் படத்தில் சேர்த்தால், 2024 முதல் உள்ள விதிப்படி அதைத் தெரிவிக்க வேண்டும். காய்க்காத செடியைக் காய்த்ததாகக் காட்டும் வேலை நமக்கு வேண்டவே வேண்டாம்.

தவறு நேர்ந்தால்

ஏற்றிய பிறகும் குறிப்பைத் திருத்தலாம். ஓசையின்றித் திருத்தினால் முன்பே குறித்துக்கொண்டு போனவருக்குத் தெரியாது. ஒட்டன்சத்திரத்து விவசாயி புதிய குறிப்பின் முதல் வரிக்கு மேலே, ‘முன்பு 5 கிராம் என்று தவறாக இருந்தது, 50 கிராம் என்பதே சரி’ என்று சேர்த்தார். போன் செய்தவரைத் தாமே கூப்பிட்டுத் தவறு தம்முடையது என்றும் சொன்னார். “விடுங்கண்ணே, அடுத்த தடவை சரியான அளவுல அடிச்சுப் பார்க்கிறேன்” என்று அவர் பதில் சொன்னாராம்.

எழுதும் வேலையைச் செயலிக்குக் கொடுக்கலாம். அளவுக்கு நாம்தான் பொறுப்பு. விவசாயிகள் முன்கூட்டியே செய்திகளைக் குறித்துக்கொண்டு, அவற்றை மட்டும் வைத்து எழுதச் சொல்லி, எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஏற்றினால், தங்கள் அனுபவம் பிழையின்றி அடுத்த வயலுக்குப் போய்ச் சேரும். இம்முறையைக் கையாண்டு தாங்களும் பிறரும் பயன் பெறலாம்.